கித்தாக் காட்டில் ஒரு பெருமூச்சு

"செத்தவர் மூச்சு விட்டாரா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா," என்றார் துரைசாமி.

புக்கிட் பாஞ்சாங் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள் பாக்கியலட்சுமி. கையிலிருந்த சீவு கத்தியைச் சேலையில் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கித்தா என்கிற ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பட்டப்பகலில் அங்கே விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே கிளைகள் முறிந்து கிடந்தன. போன வாரம் ஒரு குட்டிப் பயிற்சி விமானம் வந்து விழுந்த இடம் அது. விமானத்தை லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். முறிந்த கிளைகளை மட்டும் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

துரைசாமியின் முதுகு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குள் தன்னை அடக்கிக்கொண்டு பின்னால் நின்றான் நூர்தீன். நூர்தீனுக்குப் பேய் பயம் கிடையாது. பேய் இருக்கிற இடத்துக்குப் போவதுதான் பிடிக்காது. அவனுடைய முதலாளிக்கோ அந்த மாதிரி இடங்கள் என்றால் பலகாரம் சாப்பிட்ட மாதிரி. துரைசாமி சிராங்கூன் சாலையில் துப்பறியும் அலுவலகம் போடுவதற்கு முன்னால் இருபது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊரார் சொன்ன பொய்யை எல்லாம் இங்கிலீஷில் மாற்றி மாற்றிச் சொன்னதில், பொய் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பது அவர் காதுக்குப் பழகிப்போயிருந்தது. அவர் எதிரில் பொய் சொன்னவர்களை அவர் திட்டுவதில்லை. தலையை லேசாகச் சாய்ப்பார், அவ்வளவுதான். நூர்தீனுக்கு அந்தச் சாய்ப்பு நன்றாகத் தெரியும், அவன் லீவு கேட்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறான்.

"சத்தம் கேட்டு நாங்கதான் முதல்ல ஓடினோம்," என்றாள் பாக்கியலட்சுமி ஒருவழியாக. "மேல இன்ஜின் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு, பட்டுனு நின்னுபோச்சு. காத்து கிழியுற சத்தம் மட்டும் வந்துச்சு. போய்ப் பார்த்தா மரத்துக்கு நடுவுல கிடக்கு. அந்தத் தம்பி உள்ள இருந்தாரு. அப்ப உயிர் இருந்துச்சுங்க. 'உம்மா'ன்னாரு. தண்ணி குடுத்தேன், உள்ள எறங்கலை. மறுபடியும் 'உம்மா, உம்மா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே என் கையை இறுக்கிப் பிடிச்சாரு. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாரு. அப்புறம் பிடி தளர்ந்துருச்சு."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். நூர்தீனும் பார்த்தான். வாயில் வந்த வேடிக்கைப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டான்.

"அதுக்கப்புறம்?"

"விமானக் கழகத்து ஆளுங்க கார்ல வந்தாங்க. ஒரு வெள்ளைக்கார துரை, கூட, இப்ப போலீஸ்ல பிடிச்சு வச்சிருக்காங்களே, அந்த ஃபிட்டர் தம்பி. செத்தவரை எறக்கி இந்த மரத்தடியில சாக்கு விரிச்சுப் படுக்க வச்சு, மூஞ்சியில துணி போட்டாங்க. பெட்ரோல் இருக்கான்னு பார்க்கச் சொல்லியிருப்பாரு போல துரை. ஃபிட்டர் தம்பி விழுந்து கிடந்த விமானத்து மேல ஏறினாரு. அப்பதாங்க கேட்டுச்சு. ஹா...ன்னு, நீளமா. நாங்க எல்லாரும் சாக்கைத்தான் பார்த்தோம். துணி அசையலை. ஃபிட்டர் தம்பி மேலேருந்து குதிச்சு ஓடுனாரு பாருங்க, அப்படி ஒரு ஓட்டம். நாங்களும்தான் ஓடினோம்."

"அது விட்ட மூச்சா, இழுத்த மூச்சா?"

பாக்கியலட்சுமி விழித்தாள். யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கண்ணை மூடி யோசித்தாள். தானே ஒருமுறை மூச்சை விட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள்.

"இழுத்த மூச்சுதாங்க. தண்ணிக்குள்ள முங்கிட்டு மேல வந்தா இழுப்போமே, அந்த மாதிரி."

துரைசாமியின் தலை சாயவில்லை. அவள் சொன்னது உண்மை.

"சாகுறவன் கடைசியா மூச்சை விடுவான் நூர்தீன். இழுக்க மாட்டான்," என்றார்.

"அப்ப திரும்பப் பொழைக்கலாம்னு முயற்சி பண்ணியிருக்காரா சார்?" என்று கேட்டுக்கொண்டே நூர்தீன் ஓர் அடி முன்னால் வந்தான். பாக்கியலட்சுமி சட்டென்று இரண்டு அடி பின்னால் போனாள். அவன் இன்னும் ஓர் அடி வைக்க, அவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"என்னைப் பார்த்து எந்தப் பொண்ணும் ஓடலாம், சார். ஆனா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறது இதுதான் முதல் தடவை. காலையில குளிச்சேனே."

துரைசாமி சிரிக்கவில்லை. அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நடந்தார்.

கொசு பஸ் என்று ஊரார் பெயர் வைத்திருந்த குட்டி பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே இருவரும் ஊருக்குள் திரும்பினார்கள். வழக்கு என்னவோ போலீஸுக்குச் சுலபமாக முடிந்திருந்தது. இறந்தவன் அப்துல் அலீம், டன்லப் தெரு ஜவுளி மொத்தக் கடை சம்சுன்னிசாவின் ஒரே மகன். தீவில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களில் ஒருவன். அவன் ஏறிய விமானம் மூன்று தடவை நடுவானில் இன்ஜின் நின்று இறங்கியது. முதல் தடவை உட்லண்ட்ஸ் பக்கம் லாலான் புல்வெளியில். அடுத்தது புக்கிட் பாத்தோக்கில் ஒரு சீனனின் காய்கறித் தோட்டத்தில். இரண்டு தடவையும் வெள்ளைக்கார வாத்தியார் கூட இருந்ததால் பத்திரமாக இறக்கிவிட்டார். மூன்றாவது தடவை அலீம் தனியாகப் போனான். இறங்க இடம் தேடித் தேடி, மரங்களுக்கு நடுவே இருந்த ஒரே இடைவெளியைக் கண்டுபிடித்து இறக்கியும் விட்டான். ஒரு பக்க இறக்கை மரத்தில் மாட்டிக்கொண்டது.

மூன்று தடவையும் பெட்ரோல் இருந்தது. பிரித்துப் பார்த்தால் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. அதனால் தீவின் வடமேற்கு மூலையில் ஏதோ இருக்கிறது, அது விமானத்தைக் கையைப் பிடித்து இழுக்கிறது என்று கழகத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். போலீஸ் பேயைக் கைது செய்ய முடியாது. ஃபிட்டர் சுந்தரத்தைக் கைது செய்தார்கள். ஒரு மாதம் முன்னால்தான் அலீம் அவனை நாலு பேர் முன்னிலையில் திட்டியிருந்தான். விழுந்த விமானத்தில் ஏறியவனும் அவன்தான், ஏறியதும் குதித்து ஓடியவனும் அவன்தான். பெட்ரோல் குழாயில் ஏதோ செய்துவிட்டு, தடயத்தை அழிக்க ஏறினான் என்பது போலீஸ் கட்சி. நாளைக் காலையில் கொலைக் குற்றம் சாட்டி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். அது முடிவானால் கயிறுதான்.

துரைசாமியை அமர்த்தியவள் சுந்தரத்தின் வீட்டுக்காரி இல்லை, சம்சுன்னிசா. "என் புள்ளையைக் கொன்ன கையை எனக்குக் காட்டுங்க. ஒரு தடவை என் கண்ணால பார்க்கணும்," என்று மட்டும் சொன்னாள். இன்று காலையில் இருவரும் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் அதையேதான் சொல்லி வழியனுப்பினாள்.

சுந்தரத்தை அடைத்து வைத்திருந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு சரபத் டீக்கடை. நூர்தீன் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டான்.

"இஞ்சி டீ ரெண்டு போடுங்க காக்கா. எனக்குக் கொஞ்சம் பால் ஜாஸ்தியா. பேய் ஊர்ல இருந்து வர்றோம்."

கடைக்காரர் புது டின் பாலை எடுத்து, ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டினார். அதற்குள் யாரோ கூப்பிட்டதால் டின்னை அவன் முன்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். நூர்தீனுக்குப் பொறுமை ஏது. டின்னைத் தன் கிளாஸில் கவிழ்த்தான். நூல் மாதிரி கொஞ்சம் இறங்கியது, நின்றுவிட்டது. குலுக்கினான், உள்ளங்கையால் தட்டினான். பால் அசையவில்லை.

"இன்னொரு ஓட்டை போடணும் லா," என்றார் கடைக்காரர் அங்கிருந்தே.

"தெரியும் காக்கா, தெரியும்." நூர்தீன் ஆணியை எடுத்து அவனே இன்னொரு ஓட்டை போட்டான். டின் 'ப்ளக்' என்று ஒரு வாய் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. பால் தாராளமாக இறங்கியது.

துரைசாமி கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த ஓட்டையை விரலால மூடு."

மூடினான். பால் நின்றது.

"எடு."

டின் மறுபடியும் மூச்சு இழுத்தது. நூர்தீன் டின்னையே பார்த்தான். முழங்கையில் மயிர் சிலிர்த்தது.

"சார், இந்தச் சத்தம்..."

"டின்னுக்குள்ள பால் நிறைய இருக்கு. ஆனா காத்து போக வழி இல்லைன்னா வெளிய வராது. விமானத்துலயும் டாங்கி மேல இருக்கு, இன்ஜின் கீழ இருக்கு. கொஞ்ச நேரம் பெட்ரோல் இறங்கும். அப்புறம் தொண்டையைப் பிடிச்ச மாதிரி நின்னுரும். யாராவது மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பார்த்தா, டாங்கி மூச்சை இழுத்துக்கும், எல்லாம் சரியாயிரும். குறையைக் கண்டுபிடிக்கப் போறவன் கையாலயே குறை காணாமப் போயிரும்."

"அப்ப வடமேற்கு மூலையில பேய் இல்லையா?"

"பேய் இடத்துல இல்லடா, தூரத்துல இருக்கு. கழகத்துத் திடலைச் சுத்திச் சுத்தி வந்து இறங்குறவனுக்கு ஒண்ணும் ஆகாது. தூரப் பயிற்சிக்குப் போனா, ஒரே பாதை, ஒரே வேகம். மூச்சு முட்டுறதும் ஏறக்குறைய ஒரே இடத்துல."

நூர்தீனுக்கு ஒரு வாரமாக இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பேய் இல்லை என்றால் இனி தைரியமாகப் பேசலாம். "இதே விமானத்தை மத்தவங்களும் தூரமா ஓட்டிக்கிட்டுப் போயிருக்காங்க, சார். பேய்க்கு அலீம் மேல மட்டும் என்ன கோபம்?"

"அதான் கேள்வி," என்றார் துரைசாமி. "அலீம் போற அன்னைக்கு மட்டும் அந்த ஓட்டையை மூடுற எதிரி யாரு?"

கம்பிக்குப் பின்னால் சுந்தரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆறு நாள் தாடி. துரைசாமி கேட்டது ஒரே கேள்விதான். டாங்கி மூடியில் காற்று போக ஓட்டை உண்டா?

"உண்டு சார். பித்தளை மூடி, நடுவுல ஊசி போற அளவுக்கு ஓட்டை. தினம் காலையில கம்பி விட்டுப் பார்க்காம நான் வண்டியைக் குடுத்ததில்ல. அன்னைக்கும் பார்த்தேன், சுத்தமா இருந்துச்சு."

"அதுக்கப்புறம் யாரு மேல ஏறினா?"

"அலீம் தம்பி மட்டும்தான். தூரம் போற அன்னைக்கெல்லாம் கடைசியா அவரே ஏறி ஒரு தடவை பார்ப்பாரு. என்னையும் அந்தப் பக்கம் போகச் சொல்லிருவாரு. பெட்ரோல் பார்க்கிறாருன்னு நெனச்சேன்."

"விழுந்தப்புறம் நீ மூடியைத் திறந்தப்ப கையில ஏதாவது ஒட்டுச்சா?"

சுந்தரம் தலைநிமிர்ந்தான். அதுவரை வாடிக் கிடந்த முகத்தில் பயம் வந்தது.

"ஒட்டுச்சு. காஞ்ச களிமண்ணு மாதிரி. திருகுனதும் உதிர்ந்துச்சு. மூச்சுச் சத்தம் கேட்டுச்சு சார், என் மூஞ்சிக்கு நேரா. கூடவே ஒரு வாசம். கோயில் சந்தனம் எனக்குத் தெரியும், அது இல்ல. சந்தனத்தோட கனமா வேற என்னமோ கலந்த வாசம். கீழ அவரு செத்துக் கிடக்கிறாரு, மேல பூசி அலங்காரம் பண்ணின மாதிரி வாசம் அடிக்குது. அவருதான் வந்துட்டாருன்னு நெனச்சேன். நான் எதுக்கு சார் பொய் சொல்லணும், பயந்துதான் ஓடினேன். இதைப் போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்க. சாயங்காலம் போய்ப் பார்க்கலாம்னா மழை கொட்டி எல்லாம் கழுவிட்டுப் போயிருச்சு."

துரைசாமி தலை சாயவில்லை.

"கேட்டியா நூர்தீன்? எதிரி சந்தனம் பூசுற எதிரி," என்றார். நூர்தீன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான் என்று காத்திருந்தார். நூர்தீன் சுந்தரம் சொன்னதை நன்றாகக் கேட்பதற்காகக் கம்பி அருகே குனிந்தான்.

சுந்தரம் அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"இதே வாசம் சார். உங்க ஆளு மேல அடிக்குது. இதேதான்."

நூர்தீனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தொண்டைக்குழியில் காய்ந்து போயிருந்தது சந்தனம். காலையில் புக்கிட் பாஞ்சாங் கிளம்பும்போது வைத்தது. அதில் பன்னீரும் ஜவ்வாதும் சேர்ந்திருக்கும். தர்காவில் கந்தூரி முடிந்து சந்தனக்கூட்டிலிருந்து கொண்டுவந்த கட்டியை வீட்டில் வைத்துக் கரைத்துக் கரைத்துப் பூசுவார்கள், தூரப் பயணம் போகிறவர்களுக்கு. அவன் உம்மா இருந்த காலத்தில் அவனுக்கும் அப்படித்தான் பூசினாள்.

பாக்கியலட்சுமி ஏன் மூக்கைப் பொத்தினாள் என்பது அவனுக்கு இப்போது புரிந்தது. காலையில் இந்தச் சந்தனத்தைப் பூசிவிட்ட கை யாருடையது என்பதும் தெரியும்.

"எதிரி இல்ல சார்," என்றான்.

துரைசாமி அவன் கழுத்தைப் பார்த்தார்.

டன்லப் தெருவில் கடைக்கு மேலே வீடு. பிற்பகல் அஸர் தொழுகை முடித்துத் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள் சம்சுன்னிசா. அலீமின் செருப்பு இன்னும் வாசலில்தான் இருந்தது. பலகை போட்ட மாடியில் ஆள் நடக்காமலே எங்கேயோ மரம் முனகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க. பத்திரமா வந்துட்டீங்களா? உக்காருங்க," என்றாள். "கண்டுபிடிச்சீங்களா?"

துரைசாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். நாலு பாஷையில் பேசத் தெரிந்த மனிதருக்கு ஒரு பாஷையிலும் வார்த்தை வரவில்லை. நூர்தீனைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக நூர்தீனிடமும் வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை.

"மாமி," என்றான் அவன். "அலீம் தூரப் பயிற்சிக்குப் போற அன்னைக்கு நீங்க சந்தனம் குடுத்தனுப்புவீங்களா?"

"குடுக்காம இருப்பேனா? எங்க வாப்பா தோணி நாகப்பட்டினத்துலேந்து கிளம்புறப்ப பாய்மர உச்சியில சந்தனம் வச்சிட்டுத்தான் கிளம்பும். ஒரு தோணி கவுந்ததில்ல. இவனுக்கும் அதைத்தான் சொன்னேன். வண்டிக்கும் உச்சியில வைடான்னேன். 'இறக்கைத் துணி மேல வச்சா கறையாகும் உம்மா, வாத்தியார் திட்டுவார்'ன்னான். உச்சியில பித்தளை மூடி ஒண்ணு இருக்காம், கீழேருந்து பார்த்தா தெரியாதாம். அதுல வைக்கிறேன்னான்." அவள் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. "சொன்ன சொல்லு தட்டமாட்டான். முதல் ரெண்டு தடவையும் இன்ஜின் நின்னும் ஒரு கீறல் இல்லாம வந்தானே, அந்தச் சந்தனம்தான் காப்பாத்துச்சு. அதனாலதான் மூணாவது தடவை, தனியாப் போறானேன்னு, நல்லா கெட்டியாக் கரைச்சுக் குடுத்தேன். 'நெறையா வைடா'ன்னேன்."

நூர்தீன் தரையைப் பார்த்தான். துரைசாமி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். இதற்கு மேல் அவன்தான் சொல்லியாக வேண்டும். ஓடிவிடலாம் போலிருந்தது.

"மாமி, டின் பாலுக்கு ரெண்டு ஓட்டை போடுறோமே, ஏன்?"

"இது என்ன கேள்வி? ஒண்ணு பால் வர, ஒண்ணு காத்துப் போக..."

அவள் நிறுத்தினாள். மடித்த விரிப்பு மடியில் இருந்தது. ஜவுளிக் கடையைத் தனியாளாக நடத்துகிறவள், ஒன்றைப் பாதி சொன்னால் மீதியை அவளே முடித்துக்கொள்வாள். நூர்தீனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கழுத்தை.

"அந்த மூடியில ஓட்டை இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு மாமி. ஊசி போற அளவுக்கு."

மரம் எங்கேயோ முனகியது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். காலையில் நூர்தீனுக்குப் பூசின சந்தனம் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுவாள் என்று நூர்தீன் பயந்தான். அழாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தது அதைவிடப் பயமாக இருந்தது.

ஜன்னல் பக்கமிருந்து துரைசாமி மெல்லச் சொன்னார். "அம்மா, இதுக்கு வேற தடயம் கிடையாது. மழை கழுவிடுச்சு. சந்தனம் இருந்துச்சுன்னு சுந்தரம் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அதை அங்க வைக்கச் சொன்னது யாருன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க பேசாம இருந்தா, நாங்க ரெண்டு பேரும் சொல்றதும் வெறும் கதையாத்தான் போகும்."

"அந்த ஃபிட்டருக்குத் தாய் இருக்காளா?"

"இருக்காங்க. புக்கிட் பாத்தோக்குல. தினம் ஸ்டேஷன் வாசல்ல வந்து உக்காந்துட்டுப் போறாங்களாம்."

சம்சுன்னிசா எழுந்தாள். உள்ளே போய் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தாள். கையில் வெள்ளிக் கிண்ணம், அதில் பாதி கரைத்த சந்தனம். வாசலில் இருந்த செருப்பைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றாள். நூர்தீனின் முன்னால் வந்து, துப்பட்டி நுனியை எடுத்து, அவன் தொண்டைக்குழியிலிருந்த சந்தனத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். தோல் எரிந்தது. அவன் அசையாமல் நின்றான்.

"வண்டி கூப்பிடு," என்றாள். "அந்தப் புள்ள இன்னைக்கு அங்க படுக்கக் கூடாது."

டாக்ஸி சிராங்கூன் சாலையில் திரும்பியது. கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஜவ்வாது வாசம் வண்டி முழுக்க நிறைந்திருந்தது. அந்த வாசத்தை இனி எந்தக் கல்யாண வீட்டில் முகர்ந்தாலும் கித்தாக் காடுதான் ஞாபகம் வரும் என்று நூர்தீனுக்குத் தெரிந்தது.

"நீ அந்தத் தோட்டத்துக்குப் போனியே," என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "அங்க ஆளுங்க இருந்தாங்களா? அவன் கஷ்டப்பட்டானா? யாரையாச்சும் கூப்பிட்டானா?"

பாக்கியலட்சுமியின் மணிக்கட்டு நூர்தீனின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நேரமே இல்ல மாமி," என்றான். "விழுந்ததும் போயிட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவள் மடியிலிருந்த கிண்ணத்தை ஒருமுறை திருப்பி வைத்தாள். பிறகு மற்றப் பக்கம் திரும்பினாள். துரைசாமியின் காதைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வது அவளுக்கும் தெரியும்.

"இவன் சொல்றது நெசமாங்க?"

துரைசாமியின் தலை பழக்கத்தில் ஒரு பக்கம் சாயப் போனது. கையால் கன்னத்தைத் தாங்கி அதை நிறுத்திக்கொண்டார்.

"நெசம்தாம்மா," என்றார்.